குழாயடிச் சந்திலிருந்து ரைஸ்மில் சந்துக்கு

அந்த ஓட்டப்பாதையை வரைந்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தொடங்கியிருந்த நேரம். மழைநீர்க் கால்வாய் வெட்டுவதற்காக மைதானத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பருவத்தின் முதல் போட்டி வேலூரில், இன்னும் பதினைந்தே நாளில். கிராஸ் கன்ட்ரி என்றால் வழக்கமாக ஆறு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் என்று மண்ணிலும் மேட்டிலும் ஓடுவோம். பருவத்தின் தொடக்கத்தில் நடக்கும் இந்தப் போட்டி மட்டும் வேறு மாதிரி. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான சுற்று. நான்கு நான்கு பேராக விடுவார்கள், முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இதை ஸ்பிரிண்ட் என்பார்கள். நீண்ட ஓட்டத்தில் ஒரு தப்பு செய்தால் அடுத்த கிலோமீட்டரில் சரி செய்துகொள்ளலாம். இதில் தும்மினால்கூடத் தோற்றுவிடுவோம்.

எங்கள் கல்லூரிக்கு நான்கு இடம். போன வருடம் மண்டல அளவில் ஜெயித்த இரண்டு பேருக்கு அதில் இரண்டு உறுதி. மீதி இரண்டுக்கு நாங்கள் எட்டுப் பேர். முதல் ஆண்டில் இப்படி ஒரு அணி இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டில் இதே தேர்வில் மூன்றாவதாக வந்தேன். ஒரு கை நீளம்தான் வித்தியாசம். அதற்கு முந்தைய நாளே, நான் வேலூருக்கு ஓடப் போகிறேன் என்று தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். தேர்வுக்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வந்து போனேன். மூன்றாம் ஆண்டை விட்டால் இனி வாய்ப்பு இல்லை.

எங்கள் வீட்டில் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. பெரிய அக்கா இரண்டாம் வகுப்போடு நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். நான் ஏதாவது ஒன்றைச் செய்தால் அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

பி.டி. மேடம் போளூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஆரணியின் சந்துகள் அவருக்குத் தெரியாது. மைதானம் இல்லை, எங்கே வைப்பது என்று அவர் கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு, ஆற்றில் வைக்கலாம் என்றேன். கமண்டல நாக நதியில் அப்போது தண்ணீர் ஓரமாக ஒரு கோடு போலத்தான் இருந்தது, மீதியெல்லாம் மணல். மணலில் புறப்பட்டு, கரைப்படி ஏறி, குழாயடிச் சந்து வழியாக எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எதிர்ப்பக்கம் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரைஸ்மில் சந்துக்குள் திரும்பி, ஆறு வளைந்து வரும் அந்தப் பக்கத்தில் மில் சுவரை ஒட்டி மறுபடியும் மணலில் இறங்கினால் முடிவுக் கோடு. நோட்டில் வரைந்து காட்டினேன். எங்கள் தெருவைத் தொடாமலே மணலிலும் கரையிலும் ஒரு சுற்று வரைந்திருக்கலாம். அதையும் மேடம் கேட்டார். கரையில் முள் அதிகம் என்றேன். முள் கொஞ்சம்தான்.

தெருவில் ஆள், வண்டி இருக்காதா என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை அமாவாசை மேடம். அன்னிக்கி எங்க தெருவுல யாரும் தறியில உக்கார மாட்டாங்க. காலியா இருக்கும்" என்றேன்.

அது உண்மைதான். அமாவாசை என்றால் நெசவுக்கு விடுமுறை. ஒரு தறியின் சத்தமும் கேட்காது. தெருவில் வீடு வீடாகப் போய், ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பந்தயம், சைக்கிளையும் கட்டிலையும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கோலமாவில் அம்புக்குறிகள் போட்டேன். அந்த வாரம் மூன்று நாளாகச் சாயங்காலத்தில் மழை பிடித்துக்கொண்டிருந்ததால், கரைந்தால் மறுபடியும் போட ஒரு டப்பா மாவைத் தனியாகவும் வைத்திருந்தேன்.

ஞாயிறு விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது. மணல் ஈரமாக இருந்ததால் கால் அதிகம் புதையவில்லை. நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்றாகத் துணி எண்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் ஊக்கு. எனக்கு எண் ஐந்து.

என்னோடு ஓடியவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். உயரம், நீளக் கால். போன வருடம் அந்த ஒரு கை நீளத்தில் என்னை முந்தியவள் அவள்தான். வேலூரில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டதால் இந்த வருடம் அவளும் எங்களோடு முதலிலிருந்து ஓட வேண்டும். எனக்கு அவள் தோழி என்றும் சொல்லலாம், அந்த ஒரு காலையைத் தவிர.

புறப்படும் இடத்தில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்று கால் உதறும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க தெருவுலயே கொண்டாந்து வெச்சிக்கிற. ஆரத்தித் தட்டோட நிக்கச் சொல்லிட்டியா?"

"உனக்கும் சேத்துதான் எடுப்பாங்க, வா" என்றேன்.

முதல் சுற்றில் நாங்கள் இருவரும் வேறு வேறு குழு. என் குழுவில் நான் முதல். இதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன். ஆனால் குழாயடிச் சந்திலிருந்து தெருவுக்குள் பாய்ந்தபோது என் உடம்பு முழுவதும் என்னவோ செய்தது. வாசல்தோறும் ஆட்கள். அப்பா பனியனோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ விசில் அடித்தார்கள். தெருவைக் குறுக்கே கடந்து ரைஸ்மில் சந்துக்குள் திரும்பும்போது எனக்குப் பின்னால் யாருடைய மூச்சும் கேட்கவில்லை.

இரண்டாவது குழுவில் கண்ணமங்கலத்துக்காரி முதல், முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி இரண்டாவது. அந்தச் சின்னப் பெண்ணை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. என் தோளுக்குக்கூட வரமாட்டாள். என் குழுவில் இரண்டாவதாக வந்தவள் போளூர்க்காரி. ஆக இந்த நால்வருக்குள் கடைசி ஓட்டம், அதில் முதல் இருவர் வேலூருக்கு. முக்கால் மணி நேரம் இளைப்பாறச் சொன்னார் மேடம்.

எனக்கு வீடு பக்கத்தில்தான். தண்ணீர் குடித்து, ஈரமான காலுறையை மாற்றிக்கொண்டு வரலாம் என்று போனேன்.

தெருவில் ஆட்கள் இன்னும் கலையாமல் பேசிக்கொண்டு நின்றார்கள். கடைசி வீட்டு மாமா தன் வாசலில் கவைக்கால்களைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கம்புகளைக் குறுக்காகச் சேர்த்துக் கட்டிய கால்கள் அவை. பட்டுப் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, தெருவில் நீளமாக நீட்டும்போது தாங்குவதற்கு வைப்பது. நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, காய்ந்ததும் சுருட்டுவார்கள். பிறகுதான் அது தறிக்குப் போகும். அமாவாசையில் இவர் எதற்குக் கட்டையை எடுக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. மூன்று நாள் மழையில் பாவு நீட்ட முடியாமல் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தறியில் உட்காரத்தான் கூடாது, ஏற்கெனவே ஆரம்பித்த பாவைக் காயவைத்து எடுப்பதை யாரும் தடுக்கவில்லை. தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. மேடத்திடம் பெருமையாகச் சொன்னபோது நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "முதல்ல வந்துட்டியாமே. முடிஞ்சிடுச்சா எல்லாம்?"

நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அத்தை என் கன்னத்தைத் தொட்டு, தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். "ஆமா மாமா" என்றேன்.

அந்த இரண்டு சொல்லை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். முதலில் வந்தது உண்மை. அவர் கேட்டது இரண்டு கேள்வி, நான் சொன்னது ஒரே பதில். எங்கள் தெருவில் பந்தயம் என்றால் ஒருமுறை ஓடுவது, யார் முதல் என்று பார்ப்பது, முடிந்தது. இது பாதிதான், இனிமேல்தான் உண்மையான ஓட்டம், அதில் தோற்றால் இந்த முதலுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று கன்னம் தொட்ட அந்தக் கைக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஞ்சி காய்ச்ச வேண்டும், பாவைக் கொண்டுவர வேண்டும், கால்களை நட வேண்டும், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் நாங்கள் ஓடி முடித்துவிடுவோம் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். கஞ்சியை விடியற்காலையிலேயே காய்ச்சி வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மேடத்திடம் சொல்லியிருக்கலாம். ஆற்றுக்குத் திரும்பி நடக்கும்போது அதையும் நினைத்தேன். சொன்னால் கடைசி ஓட்டத்தை முழுக்க மணலிலேயே வைத்துவிடுவார். மணலில் அந்த நீளக் கால்காரியை என்னால் முந்த முடியாது. எனக்குக் கிடைக்கும் இடமெல்லாம் படியிலும் சந்துத் திருப்பங்களிலும்தான். சொல்லவில்லை.

கடைசி ஓட்டத்துக்கு நால்வரும் நின்றோம். மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இடித்தாலோ இழுத்தாலோ பட்டியலில் பெயர் இருக்காது என்று மறுபடியும் எச்சரித்தார். போளூர்க்காரி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். சின்னப் பெண் தன் ஷூ நாடாவை மூன்றாவது முறை கட்டினாள்.

விசில்.

மணலில் நான் நினைத்தபடியே ஆயிற்று. கண்ணமங்கலத்துக்காரி ஐந்து அடி முன்னால். நான் அவளைத் துரத்தவில்லை, அவள் கால் பதித்த தடத்திலேயே கால் வைத்துப் போனேன். கரைப்படியில் இரண்டு இரண்டாக ஏறி மேலே வந்தபோது சமமாகிவிட்டோம். குழாயடிச் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து ஓட இடம் இல்லை. குழாய்த் திட்டை ஒட்டிய திருப்பத்தில் உள்பக்கம் எனக்குத் தெரியும், சிறு வயதிலிருந்து குடத்தோடு திரும்பிய இடம். அங்கே முந்தினேன். என் பின்கழுத்தில் அவள் மூச்சு விழுந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் ஒரு ஜோடிக் கால்களின் சத்தம், லேசாக, விடாமல்.

சந்து முடிந்தது. தெரு.

பாவு தெருவின் நடுவே கிடந்தது. அரக்குச் சிவப்பு, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில், ஆறு வீட்டு நீளத்துக்கு. ஒரு முனை எனக்கு இடப்பக்கம் நாலு வீடு தள்ளி. இன்னொரு முனை வலப்பக்கம் ரைஸ்மில் சந்தின் வாயைத் தாண்டி. இருபக்கமும் ஆட்கள் குனிந்து நின்றிருந்தார்கள். என் அம்மா பாவின் மேல் முகத்தை வைத்தாற்போலக் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மறுபடியும் இன்னாடீ?" என்றாள்.

எங்கள் தெருவில் நீட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள், அடியில் நுழையவும் மாட்டார்கள். நடக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தைகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். நாயும் கோழியும் வந்தால் விரட்ட ஒருவர் கம்போடு நிற்பார். என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. அதை முடிவு என்று சொல்ல மாட்டேன். சுவரைக் கண்டால் நிற்பதுபோல நின்றேன்.

ஆனால் பின்னால் வந்தவளுக்கு அது சுவர் இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரு துணி. எதிரே ரைஸ்மில் சந்து, அம்புக்குறி, கோலமாவில் நானே போட்டது. அவள் என் பக்கமாக வந்து, வேகம் குறையாமல் குனிந்தாள். அவள் நெஞ்சிலும் முதுகிலும் எட்டு ஊக்குகள். அந்த ஈரப் பட்டில் ஓர் ஊக்கு மாட்டினால், ஓடுகிற வேகத்துக்கு ஆயிரக்கணக்கான இழைகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

அவள் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். தையல் கிழிவது கேட்டது. இரண்டு பேரும் தெருவில் விழுந்துவிட்டோம்.

"உடுடீ, பைத்தியம்!"

"பாவு அது. உன் நெஞ்சுல ஊக்கு இருக்குது. சுத்திகினு வா."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் அந்தச் சின்னப் பெண் எங்கள் இருவரையும் கடந்து ஓடிவந்து, பாவின் அடியில் பூனை மாதிரி புகுந்துவிட்டாள். கடைசி வீட்டு மாமா கஞ்சிப் பிரஷைக் கீழே போட்டுவிட்டு இரண்டு முழங்கையாலும் பாவை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினார். அவள் முதுகு ஊக்கு எதிலோ உரசியது. டப் டப் என்று மெல்லிய சத்தம். அம்மாவின் விரல்கள் உடனே அங்கே போய்விட்டன. சின்னப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சந்துக்குள் போய்விட்டாள்.

நான் எழுந்து வலப்பக்க முனையை நோக்கி ஓடினேன். கண்ணமங்கலத்துக்காரியும் என்னை ஒட்டியே வந்தாள், திட்டிக்கொண்டே. முனையைச் சுற்றித் திரும்பி, சந்துக்கு வந்து, மில் சுவரை ஒட்டி ஓடியபோது எனக்கு நெஞ்சில் கத்தி வைத்தாற்போல இருந்தது. மணலில் இறங்கினோம். ஐம்பது அடி. அவள் கால் நீளம். என் முழங்கால் விழுந்ததில் தோலுரிந்து எரிந்தது. கோட்டுக்கு வந்தபோது நெஞ்சை முன்னால் தள்ளி விழுந்தேன். அரை அடி. நான் இரண்டாவது.

மணலில் மல்லாந்து கிடந்தபடி, வேலூர், வேலூர் என்று மட்டும் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க எனக்கு விருப்பம் இல்லை.

கண்ணமங்கலத்துக்காரி நேராக மேடத்திடம் போனாள். கத்தவில்லை. திரும்பி நின்று, கிழிந்த முதுகைக் காட்டினாள். "புடிச்சி இழுத்துட்டா மேடம். பாருங்க."

இழுத்தாயா என்று மேடம் என்னைக் கேட்டார். இழுத்தேன் என்றேன். அவர் கையில் இருந்த அட்டையில் என் எண்ணுக்கு நேராகப் பேனாவை வைத்தார். போளூர்க்காரி அப்போதுதான் மணலில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பேனா கோடு போடுவதற்குள், மில் சுவர்ப் பக்கமிருந்து அப்பா வருவது தெரிந்தது. பனியன் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மணலில் வேகமாக நடக்கத் தெரியாமல் நடந்து வந்தார்.

மேடத்துக்கு முன்னால் வந்ததும் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். என் அப்பா அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பட்டு வாங்க வருகிற முதலாளிகளிடம்கூட நிமிர்ந்துதான் பேசுவார்.

"மேடம், தப்பு எங்களுதுங்க. புள்ளைங்க ஓடி முடிச்சிட்டாங்கன்னு நெனச்சிகினு பாவ நீட்டிட்டோம். உங்க பந்தயம் கெட்டுப் போச்சி. இந்தப் பாப்பாவ எங்க பொண்ணு புடிக்கலன்னா பாதிப் பாவு போயிருக்கும்ங்க. கல்யாணத்துக்குச் சொல்லி வெச்ச பொடவைங்க. இழுத்ததுக்கு அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் பேசப் பேச மேடத்தின் முகம் மாறியது. அது என்ன நூல், அறுந்தால் என்ன ஆகும் என்று விசாரித்தார். அப்பா சொன்னார். பேனாவை மூடினார் மேடம். ஜெயிப்பதற்காக இழுப்பது வேறு, இது வேறு, இதைத் தப்பாக எழுத முடியாது என்றார். மற்ற மூன்று பெண்களையும் பார்த்து, ஓட்டத்தின் நடுவில் நின்று இப்படி ஒன்றைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும் என்று கேட்டார். தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் புரிந்து, சின்னப் பெண் அழத் தொடங்கினாள்.

கண்ணமங்கலத்துக்காரி மணலைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னாள். "எனக்கு அது இன்னான்னே தெரியாது மேடம். துணி காயுதுன்னு நெனச்சேன். அவளே போவட்டும்."

அவ்வளவுதான். இடம் எனக்கு. இரண்டு வருடமாக நான் கேட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நாளைக்குத் தெரு முழுவதும், பாவைக் காப்பாற்றிவிட்டும் ஜெயித்தவள் என்று சொல்லும்.

அப்பா இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. நான் பேசியது நேர்மையால் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அது இல்லை. அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. என் தப்புக்காக என் அப்பா இன்னொருவர் முன்னால் குனிந்து நிற்பதை என் தலைக்கனம் தாங்கவில்லை.

"மேடம், அவங்க தப்பு இல்ல" என்றேன். "கவைக்கட்டைய வெளிய கொண்டாந்தத நான் பாத்தேன். முடிஞ்சிடுச்சான்னு மாமா கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"முதல் சுத்து முடிஞ்சி தண்ணி குடிக்கப் போனப்போ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பதில் இருந்தது. மணல், நீளக் கால், சந்துத் திருப்பம். சொன்னேன், அதையும். சொல்லும்போது கண்ணமங்கலத்துக்காரியைப் பார்க்கவில்லை.

சின்னப் பெண்ணின் கழுத்து அந்த நூலில் மாட்டியிருந்தால் அவள் வீட்டில் போய் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று மேடம் கேட்டார். பாதை போட்டவளை நம்பித்தான் இவர்களை ஓடவிட்டேன் என்றார். குரல் உயரவில்லை. பிறகு பேனாவைத் திறந்து என் எண்ணின் மேல் கோடு இழுத்தார். ஒரே கோடு, நேராக. அதன் கீழே கண்ணமங்கலத்துக்காரியின் எண்ணை எழுதினார்.

கண்ணமங்கலத்துக்காரி என் பக்கம் வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தால் அது சினிமா. "மணல்ல நான் உன்ன ஜெயிப்பேன்னு உனக்கே தெரிஞ்சிருக்குது" என்றாள். "சட்டைக்கு நீதான் தைச்சிக் குடுக்கணும்." பையை எடுத்துக்கொண்டு கரையேறினாள். வேலூர் போட்டி முடியும்வரை என்னோடு பேசவில்லை.

அப்பா முன்னால் நடந்தார். நான் பின்னால். கரைப்படியில் ஏறும்போது மட்டும் ஒருமுறை நின்றார். "நான் வந்து அவ்ளோ பேசினனே, அதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?" என்றார். அவர் கேட்டது நியாயம். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் அவர் முன்னாலேயே பொய்யாக்கிவிட்டேன். தெருமுனை வந்ததும், "மாமாகிட்ட நீயே போய்ச் சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

மாமா பாவின் அந்தப் பக்கம் இருந்தார். கஞ்சி முக்கால்வாசி காய்ந்திருந்தது. அறுந்தது இரண்டு இழைதான், அம்மா முடிந்துவிட்டாள், தேடினாலும் இடம் தெரியவில்லை. நான் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன். கேட்டபோது இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும் மாமா, தெரிந்தேதான் ஆமாம் என்றேன், வேலூர்ப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. என்ன சொல்கிறேன் என்றே புரியாதவர் போல என்னைப் பார்த்தார்.

"கஞ்சி நாலு மணிக்கே ரெடி. நீ ஓடப் போறேன்னுதான் நாங்க எல்லாரும் பாவ எடுக்காம உக்காந்துகினு இருந்தோம்" என்றார். "இன்னோர் ஓட்டம் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துகினு இருந்திருப்போமேம்மா. அதுல எங்களுக்கு இன்னா கஷ்டம்?"